பழைய படகுக்கு முதல் வேலை சாயம் அல்ல

மலாக்கா ஆற்று முகத்துவாரத்தின் அருகே ஒரு பெரிய மரக்கப்பல் தரையில் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் அதன் படிகளில் ஏறி இறங்காத மலாக்காப் பிள்ளைகள் குறைவு. 'ஃபுளோர் டி லா மார்' என்ற போர்த்துகீசியக் கப்பலின் மாதிரி வடிவம் அது. 1994-ஆம் ஆண்டு முதல் கடல்சார் அருங்காட்சியகமாக விளங்குகிறது. உள்ளே போய்ப் பார்க்கும் பலர் ஒரு கேள்வியைக் கேட்காமலே திரும்பி விடுகிறார்கள். அசல் கப்பல் எங்கே?

அசல் கப்பல் கடலுக்கு அடியில் இருக்கிறது. 1502-இல் லிஸ்பனில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், இந்தியப் பயணம் சில முறை போய் வரத்தான் கட்டப்பட்டது. முதல் சில ஆண்டுகளிலேயே அதன் உடலில் நீர்க்கசிவு தொடங்கி விட்டது. 1506-இல் சரக்கோடு ஊர் திரும்பும் வழியில் கசிவு அதிகமாகி, ஆப்பிரிக்கக் கரையில் மொசாம்பிக் தீவில் மாதக் கணக்கில் நின்று பழுது பார்க்க வேண்டியதாயிற்று. அதன் பிறகும் அதற்கு ஓய்வு கிடைக்கவில்லை. 1509-இல் டையூ போர், 1510-இல் கோவா, 1511-இல் மலாக்கா. அது பாதுகாப்பற்ற கப்பல் என்பது மாலுமிகளுக்குத் தெரியும். ஆனாலும் மலாக்காவில் கொள்ளையிட்ட செல்வத்தை ஏற்ற இடம் பெரியதாக இருக்கிறது என்பதால் அதையே அல்புகர்க் தேர்ந்தெடுத்தார். 1511 இறுதியில் சுமத்திராக் கரையோரம் புயலில் சிக்கி, ஆழமற்ற இடத்தில் மோதிக் கப்பல் உடைந்தது. அல்புகர்க் ஒரு தெப்பத்தில் உயிர் தப்பினார். செல்வமும் பலருடைய உயிரும் கடலோடு போயின.

புயல் எந்தக் கப்பலையும் கவிழ்க்கும் என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் நோயாளியையும் திடகாத்திரமானவனையும் ஒரே காய்ச்சல் ஒரே மாதிரி வாட்டுவதில்லை. ஓட்டை உண்டு என்று தெரிந்தே பாரம் ஏற்றியதுதான் அந்தக் கப்பலின் கதை. பழைய படகு வாங்கித் தன் கையாலேயே சீரமைக்க நினைப்பவர்கள் முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய பாடம் அது.

படகு நமக்கு எதற்கு?

ஜாசின், மெர்லிமாவ், ஆசஹான், அலோர் காஜா என்று தோட்டங்களில் பால்மரமும் செம்பனையுமாக வாழ்ந்த சமுதாயத்துக்குப் படகு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் முன்னோர் இந்த மண்ணுக்கு வந்ததே கடல் வழியாகத்தான். தோட்டம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ் வணிகர்கள் பருவக்காற்றைப் பிடித்து மலாக்காத் துறைமுகத்துக்கு வந்தார்கள். காற்று திரும்பும் வரை இங்கேயே தங்கினார்கள். மலாக்காச் செட்டிகள் அவர்களுடைய வழித்தோன்றல்கள். தஞ்சோங் கிளிங் என்ற ஊர்ப் பெயரும் அந்தப் பழைய தொடர்பைத்தான் நினைவூட்டுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஓய்வு பெறும்போது கைக்கு வரும் சேமநிதிப் பணத்தில் ஒரு படகு வாங்கி, கோலா லிங்கியிலோ உம்பாயிலோ நிறுத்தி, வார இறுதியில் பிள்ளைகளோடு மீன் பிடிக்கப் போகலாம் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. புதுப் படகின் விலை கைக்கு எட்டாது. 30, 40 ஆண்டுப் பழைய படகு மலிவாகக் கிடைக்கும். அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. மலிவாக வாங்கிப் பளபளவென்று சாயம் பூசிக் கடலில் இறக்குபவர், வாழ்நாள் சேமிப்பை மட்டுமல்ல, பிள்ளைகளின் உயிரையும் அதில் ஏற்றுகிறார்.

கைத்திறன் கரை சேர்த்த கதைகள்

யாழ்ப்பாணத்தின் வல்வெட்டித்துறையில் நம்மவர்கள் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்மரக் கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கினார். ஏற்கெனவே ஒரு சிறு படகில் உலகைச் சுற்றி வந்தவர் அவர். கப்பலின் பெயர் 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாறியது. மாலுமிகள் மாறவில்லை. வல்வெட்டித்துறைத் தமிழர்கள் அதை ஓட்டிச் சென்று, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். ஊர்த் தச்சர்கள் கையால் இழைத்து அடித்த பலகைகள் அட்லாண்டிக் பெருங்கடலையும் தாங்கின.

'சுஹைலி' இன்னொரு சான்று. 32 அடி நீளமுள்ள இந்தத் தேக்குமரப் படகு பம்பாயில் இந்தியத் தச்சர்களால் கட்டப்பட்டு 1964-இல் நீரில் இறக்கப்பட்டது. அதில்தான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69-இல் எங்கும் நிற்காமல், தனி ஆளாக, 312 நாளில் உலகைச் சுற்றினார். அதைச் செய்த முதல் மனிதர் அவரே. புறப்பட்ட சில வாரங்களிலேயே அடிப்பலகை இணைப்பில் தண்ணீர் கசியத் தொடங்கியது. அவர் திரும்பிப் போகவில்லை, அலட்சியமும் செய்யவில்லை. நடுக்கடலில் மூழ்கி, இணைப்பில் பஞ்சுத்திரியை அடைத்து, அதன் மேல் கித்தான் துணியை வைத்துச் செப்பு ஆணி அடித்தார். பாய் கிழிந்ததும் எத்தனையோ கருவிகள் கெட்டதும் பிறகு வந்த துன்பங்கள். படகு மிதந்ததால்தான் அவற்றையெல்லாம் சமாளிக்க முடிந்தது.

அந்தப் பயணத்தின் நினைவாக நடத்தப்படும் 'கோல்டன் குளோப்' பந்தயத்தில் பழைய வடிவமைப்புள்ள படகுகளுக்கு மட்டுமே அனுமதி. 2022-இல் 16 பேர் புறப்பட்டார்கள். எங்கும் நிற்காமல் முடித்தவர்கள் மூவர். அவர்களில் இரண்டாவதாக 2023-இல் கரை சேர்ந்தவர் இந்தியக் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி. படகு பழையது என்பது குறையல்ல என்பதை இது காட்டுகிறது. பழையதை எப்படித் தயார் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வாங்கும் முன்: சுத்தியலும் மூக்கும்

படகைத் தண்ணீரில் வைத்துப் பார்த்து விலை பேசக்கூடாது. கரையில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். ஒரு சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் உடல் முழுவதும் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் 'டக் டக்' என்று தெளிவாக ஒலிக்கும். உள்ளே அழுகியோ அடுக்கு பிரிந்தோ இருந்தால் ஒலி மந்தமாகும். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கும் நமக்கு இது புதிய வித்தை அல்ல.

மேல்தளத்தில் நடக்கும்போது காலடி மெத்தென்று அமுங்கினால் எச்சரிக்கை தேவை. பல ஃபைபர்கிளாஸ் படகுகளின் மேல்தளத்தில் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே இலேசான மரம் வைத்திருப்பார்கள். திருகாணி போட்ட துளை வழியாக மழைநீர் இறங்கினால் அந்த மரம் ஊறி அழுகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. படகின் உள்ளே மூக்கையும் பயன்படுத்த வேண்டும். டீசல் நாற்றம், பூஞ்சை நாற்றம், அடிக்குழியில் எண்ணெய் படிந்த தண்ணீர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும்.

பணக் கணக்கையும் இங்கேயே போட வேண்டும். கையில் உள்ள பணத்தில் பாதிக்கு மேல் படகின் விலைக்குக் கொடுக்காதிருப்பது நல்லது. மீதியில் பெரும்பகுதி சீரமைப்புக்குப் போகும். ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கென்று தனியே வைக்க வேண்டும். பலகையைப் பிரித்த பிறகு புதிய பழுது எதையும் காட்டாத பழைய படகு அரிது.

முதல் வேலை: தண்ணீர் உள்ளே வரும் வழிகள்

படகின் உடலில், நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே, வேண்டுமென்றே போட்ட ஓட்டைகள் பல உண்டு. இஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர் ஒரு வழியில் வரும். கழிவறைக்கு ஒன்று, கை கழுவும் தொட்டிக்கு ஒன்று, சுழலித் தண்டு வெளியேற ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வும் ரப்பர் குழாயும் இருக்கும். பழைய படகு கட்டிய இடத்திலேயே மூழ்குவதற்கு இவையே முக்கியக் காரணம்.

38 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துளை, நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே திறந்து கொண்டதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 140 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் உள்ளே பாயும். 20 லிட்டர் வாளியால் நிமிடத்துக்கு ஏழு வாளி இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேகத்தில் எவ்வளவு நேரம் ஒருவரால் இறைக்க முடியும்?

ஆகவே எல்லா வால்வுகளையும் கழற்றிப் பார்க்க வேண்டும். சாதாரணப் பித்தளை வால்வு கடல்நீரில் மெல்ல மெல்லத் தன் துத்தநாகத்தை இழந்துவிடும். சுரண்டிப் பார்த்தால் மஞ்சள் நிறத்துக்குப் பதில் இளஞ்சிவப்பு நிறம் தெரியும். அப்படித் தெரிந்தால் அது உலோகமல்ல, பிஸ்கட்டு. ஒரு தட்டில் உடைந்துவிடும். அதற்குப் பதிலாகக் கடலுக்கென்று செய்த வெண்கல வால்வு போட வேண்டும். குழாய்களில் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளை இரண்டிரண்டாக மாட்ட வேண்டும். ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அந்த அளவுக்குச் சீவிய மென்மரக் கூம்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். அவசரத்தில் அதை அடித்து ஓட்டையை அடைத்து விடலாம்.

சுழலித் தண்டின் மேல் இருக்கும் துத்தநாகக் கட்டியையும் பார்க்க வேண்டும். கடல்நீரில் உலோகங்கள் ஒன்றை ஒன்று அரிக்கும். அந்த அரிப்பைத் துத்தநாகம் தன் மேல் வாங்கிக்கொண்டு மற்ற உலோகங்களைக் காக்கிறது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

கொப்புளம் கண்ட உடல்

ஃபைபர்கிளாஸ் அழுகாது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் நீண்ட காலம் வெதுவெதுப்பான நீரில் கிடந்தால் அதனுள்ளும் ஈரம் ஊடுருவும். அடிப்பாகத்தில் அம்மைக் கொப்புளம் போலத் தோன்றும். குத்தினால் புளிக்காடி வாசமுள்ள நீர் பீச்சி அடிக்கும். கண்ணாடி அணியாமல் குத்தக்கூடாது.

சில கொப்புளங்கள் மட்டும் என்றால் ஒவ்வொன்றையும் தேய்த்துத் திறந்து, நல்ல தண்ணீரால் பல முறை கழுவிக் காயவிட வேண்டும். இங்கேதான் பொறுமை வேண்டும். மலாக்காவின் ஈரக்காற்றில் ஒரு வாரத்தில் காய்ந்துவிடாது. மேலே கூரை போட்டு, காற்றோட்டம் விட்டு, சில வேளைகளில் மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஈரத்தின் மேல் பூச்சு போட்டால் நோயை உள்ளே வைத்துத் தைத்த கதைதான்.

காய்ந்தபின் எப்பாக்சி பூச வேண்டும். எப்பாக்சியையும் கெட்டிப்படுத்தும் திரவத்தையும் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில்தான் கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று அதிகமாக ஊற்றினால் அது இறுகாமல் பிசுபிசுத்துக் கிடக்கும். நம் வெயிலில் கலவை வேகமாகச் சூடேறி கையிலேயே கட்டியாகிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, அகலமான தட்டில், காலை வேளையில் கலப்பது நல்லது. உடைந்த இடத்தை ஒட்டும்போது ஓரத்தை நேராக வெட்டக்கூடாது. உடலின் கனம் ஒரு பங்கு என்றால் 12 பங்கு நீளத்துக்குச் சரிவாகத் தேய்த்து அதன் மேல் இழைத்துணியை அடுக்க வேண்டும். அப்போதுதான் பழையதும் புதியதும் ஓர் உடலாகும்.

மரப்படகில் கப்பல் புழுதான் எதிரி. வெளியே ஊசித் துளை, உள்ளே முழுச் சுரங்கம். சந்தேகமான இடத்தைக் கூர் ஊசியால் குத்திப் பார்த்து, சோறு போல் நெகிழ்ந்தால் அந்தப் பலகையையே மாற்ற வேண்டும். பலகை இணைப்புகளில் பஞ்சை அடைத்துக் குங்கிலியம் பூசும் வேலையைத் தமிழ்க் கடற்கரைகளில் கலப்பத்து என்பார்கள். மலாய்ப் படகுத் தச்சர்கள் கெலாம் மரப்பட்டையால் அதே வேலையைச் செய்தார்கள். இந்தக் கலையை அறிந்த பெரியவர் யாராவது அருகில் இருந்தால், அவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து கற்றுக்கொள்வது பல புத்தகங்களுக்குச் சமம்.

தோட்டத்து இஞ்சின் அறை கற்பித்த பாடம்

மின்வாரியக் கம்பி வருவதற்கு முன் தோட்டங்களில் மாலை விளக்கு எரிந்தது டீசல் இஞ்சினால். அதைக் கழற்றி மாட்டிய ஃபிட்டர்கள், பட்டறை ஆட்கள், லாரி மெக்கானிக்குகள் நம்மிடையே நிறைய இருந்தார்கள். அவர்களிடம் பழகிய பிள்ளைகள் இன்று தாமான்களில் சிறு பட்டறை நடத்துகிறார்கள். படகு இஞ்சினும் அதே டீசல் இஞ்சின்தான். எரிபொருள் குழாயில் காற்று புகுந்தால் இஞ்சின் நிற்கும். திருகைத் தளர்த்திக் குமிழி நிற்கும் வரை கைப்பம்பால் அடித்தால் மீண்டும் ஓடும். இது தெரிந்தவருக்குப் படகு வேலையில் கால்வாசி தெரிந்துவிட்டது.

புதிதாகக் கற்க வேண்டியவை இரண்டு. கடல்நீரை இழுக்கும் பம்பின் உள்ளே ஒரு ரப்பர்ச் சக்கரம் இருக்கும். அதன் இதழ் முறிந்தால் சில நிமிடங்களில் இஞ்சின் கொதிக்கும். உபரியாக ஒன்று படகிலேயே இருக்க வேண்டும். அடுத்தது தொட்டியில் தண்ணீர். மலேசிய டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளும் கலக்கப்படுகிறது. அது ஈரத்தை ஈர்க்கும் தன்மை கொண்டது. நாள் கணக்கில் நிற்கும் படகின் தொட்டி அடியில் தண்ணீர் சேர்ந்து, அதில் பாசி போன்ற கசடு வளரும். அலையில் படகு குலுங்கும்போது கசடு கலங்கி வடிகட்டியை அடைக்கும். இஞ்சின் நிற்பது எப்போதும் அலை பெரிதாக இருக்கும் நேரத்தில்தான் என்பதற்குக் காரணம் இதுவே. பழைய தொட்டியைக் காலி செய்து கழுவாமல் பயணம் போகக்கூடாது.

மின்கம்பி, எரிவாயு, பாய்மரம்

வீட்டுக்குப் போடும் செப்புக் கம்பி கடற்காற்றில் கறுத்துப் போகும். ஈயம் பூசிய செப்புக் கம்பிதான் படகுக்கு ஏற்றது. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு வழியாக வெளியேற வாய்ப்புண்டு. படகில் அது அடிக்குழியில் போய்த் தங்கும். ஒரு பொறி போதும். சிலிண்டரை மேல்தளத்தில், அடியில் கடலுக்கு வழி உள்ள தனிப் பெட்டியில் வைக்க வேண்டும்.

பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளுக்கும் ஆயுள் உண்டு. 10 முதல் 15 ஆண்டு கடந்தவற்றை வெளித்தோற்றம் நன்றாக இருந்தாலும் நம்பக்கூடாது. முனை அழுத்திய இடத்தின் உள்ளே அரிப்பு ஒளிந்திருக்கும். 1999-இல் 'ஜாலுர் கெமிலாங்' படகில் தனியாக உலகைச் சுற்றிய நம் நாட்டவர் டத்தோ அசார் மன்சோருக்கே வழியில் பாய்மரம் முறிந்தது. சரி செய்துகொண்டு அவர் பயணத்தை முடித்தார். நன்கு தயாரான புதுப் படகுக்கே அந்தச் சோதனை என்றால் பழைய கம்பியோடு போகிறவர் யோசிக்க வேண்டும்.

செய்பவரின் உடலும் முக்கியம்

படகைக் காப்பாற்றி நுரையீரலைக் கெடுத்துக்கொள்வதில் பயனில்லை. ஃபைபர்கிளாஸ் தூளும் அடிச்சாயத் தூளும் நஞ்சு. கைக்குட்டை கட்டினால் போதாது; வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும். பழைய அடிச்சாயத்தில் உலக அளவில் 2008-இல் தடை செய்யப்பட்ட ஈயச்சேர்மம், அதாவது தகர உலோகம் கலந்த நஞ்சு, இருக்கக்கூடும். அதை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும்; தூளை ஆற்றில் விடக்கூடாது. முட்டுக்கால்களின் மேல் நிற்கும் படகுக்கு அடியில் பிள்ளைகளை விளையாட விடக்கூடாது.

எல்லாவற்றையும் தானே செய்துவிடலாம் என்ற பிடிவாதமும் ஆகாது. தேய்ப்பது, கழுவுவது, பூசுவது, கழற்றி மாட்டுவது ஆகியவற்றைச் சொந்தக் கையால் செய்யலாம். அடிக்கட்டையின் போல்ட்டுகள், எரிவாயு இணைப்பு, கரை மின்சாரம் ஆகிய மூன்றையும் தேர்ந்தவர் ஒருவர் பார்த்த பிறகே நம்ப வேண்டும். கடல் துறை அலுவலகத்தில் பதிவும் பரிசோதனையும் வெறும் சடங்கல்ல. இன்னொரு கண் பார்ப்பது நமக்கே நல்லது.

இறக்கும் நாள்

எல்லாம் முடிந்து படகை இறக்கும்போது தூக்கியின் பட்டைகளை உடனே அவிழ்க்கச் சொல்லக்கூடாது. உள்ளே இறங்கி ஒவ்வொரு வால்வையும் விரலால் தடவி, ஈரம் இல்லை என்று கண்ட பிறகே பட்டை கழல வேண்டும். முதல் இரவு படகு கட்டிய இடத்திலேயே கிடக்கட்டும். விடிந்ததும் அடிக்குழியைப் பார்க்க வேண்டும். முதல் பயணம் கரை தெரியும் தூரத்துக்குள், பகலில் இருக்கட்டும். மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை பின்னிரவிலும் விடியற்காலையிலும் சுமத்திரா பக்கமிருந்து திடீர்ப் புயல்காற்று வீசும். மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டும் காற்று அது. சற்றுத் தொலைவில் உலகிலேயே நெரிசலான கப்பல் பாதை ஒன்று இருக்கிறது. ஆளுக்கு ஒரு உயிர்காப்புச் சட்டை, 16-ஆம் அலைவரிசை வானொலி, நல்ல நங்கூரம் ஆகிய மூன்றும் இல்லாமல் ஆற்று முகத்தைத் தாண்டக்கூடாது.

இவ்வளவும் முடிந்த பிறகு சாயம் பூசலாம். பிள்ளைகள் விரும்பும் நிறத்தைப் பூசலாம். குலதெய்வத்தின் பெயரையும் எழுதலாம். நீர்மட்டக் கோட்டுக்கு மேலே இருப்பது ஊர் பார்ப்பதற்கு. கீழே இருப்பது உயிரோடு வீடு திரும்புவதற்கு. அடுத்த முறை ஆற்றங்கரையில் அந்தப் பெரிய மரக்கப்பலைப் பார்க்கும்போது பிள்ளைகள் அதன் அழகைக் கேட்பார்கள். பெரியவர்கள் அதன் ஓட்டையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.